தணிப்பது வேறு, அணைப்பது வேறு

போன வாரம் கத்தரிக்கு மருந்து அடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். கேள்வி–பதில் பகுதியைப் படித்துக்கொண்டிருந்த என் மகன், "வெயில் தணிந்த பிறகு தெளிக்கவும்னு போட்டிருக்குப்பா. அப்படின்னா இருட்டின பிறகா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வயதில் அதே சொல்லில் தடுக்கி விழுந்தவன் நான்.

கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். அந்த வருஷம் அக்கா கல்யாணத்துக்கு வெல்லப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். அன்றைக்கு அடுப்பு எரிக்கும் ஆள் வரவில்லை. நான் உட்கார்ந்து காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பாகு பொங்கி, பதத்தை நெருங்கும் நேரம். கொப்பரைப் பக்கமிருந்து அப்பா, "தீயைத் தணி கண்ணு!" என்று கத்தினார். நான் ஓடிப்போய் இரண்டு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டேன்.

பாகு பாதியில் நின்றுபோனது. மறுபடி தீ மூட்டிக் காய்ச்சியதில் கறுத்துவிட்டது. அச்சில் ஊற்றியும் இறுகவில்லை. அந்தக் கொப்பரை முழுக்கப் பாதி விலைக்குத்தான் போனது.

அப்பா அடிக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "அணைக்கிறது வேற, தணிக்கிறது வேற. சக்கை போடறதைக் குறைச்சா தீ தணியும். தீ இருக்கணும், வேகம் மட்டும் இறங்கணும்."

யோசித்தால் எல்லா இடத்திலும் அந்தச் சொல் அப்படித்தான் நிற்கிறது. காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் என்பதால்தான் திருத்தணி என்றும் சொல்வார்கள். அப்பாவின் கோபமும் அன்று தணிந்ததே தவிர அணையவில்லை. ஆனாலும் மறுநாள் என்னையே அடுப்படியில் உட்காரவைத்தார்.

இப்போது வீட்டில் "சிம்மில் வை" என்கிறோம். கேஸ் அடுப்புக்கு அது போதும். ஆனால் 'தணி' என்ற சொல் பிள்ளைகள் காதில் விழுவது குறைந்துவிட்டது.

மகனிடம் சொன்னேன்: "வெயில் இருக்கும், சூடு இறங்கியிருக்கும். நாலரை மணிக்கு மேல அடிச்சா மருந்து உடனே ஆவியாகாது. இருட்டறதுக்குள்ள இலையும் காஞ்சிடும்."

அவன் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய் வானத்தைப் பார்த்தான். "இன்னும் தணியலைப்பா" என்றான்.