தலையாட்டி வாங்கிய செயின்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது எனக்கு வயது அறுபத்து நான்கு. பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. விடிந்து போய்ப் பார்த்தால், எந்த நாளும் வெயில் விழாத இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா வைத்த நெட்டை மரங்கள். பாதி வேரோடு சாய்ந்து கிடந்தன, மீதியில் பல இடுப்போடு முறிந்திருந்தன.

உட்கார்ந்து அழவும் நேரமில்லை. விழுந்த தென்னை மட்க ஆரம்பித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும். அது பெருகி, தப்பி நிற்கிற நாலு மரத்தின் குருத்தையும் துளைத்துவிடும். அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்திருந்தது. பணம் வரும்போது வரட்டும், வெட்டுவதற்கு ஆள் எங்கே? எல்லாத் தோப்பிலும் ஒரே நாளில் மரம் விழுந்திருக்கிறது. மரம் அறுக்கும் செயின் மிஷின் வைத்திருந்தவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சரி, நாமே ஒன்று வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன்.

கடையில் இருந்ததிலேயே பெரியதை எடுத்தேன். 58 சிசி, செயின் சுற்றி ஓடுகிற பார் 22 அங்குலம். பெரிசு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்ற கணக்கு. இன்று கேட்டால் வேண்டாம் என்பேன். தென்னை அடிமரம் என்ன கனம்? தூரை விட்டுவிட்டால் ஒரு அடி, மிஞ்சினால் கொஞ்சம் கூட. அதற்கு 16 அல்லது 18 அங்குல பார் தாராளம். பார் நீள நீள, இன்ஜின் இழுக்க வேண்டிய செயினும் நீளும், எண்ணெய் நுனிவரை போய்ச் சேர வேண்டும், கையும் சீக்கிரம் சோர்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலே, மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி நம் கண்ணுக்குத் தெரியாது. அது மண்ணைத் தொட்ட நிமிஷமே பல் போயிற்று. நுனியின் மேல்பாதி கட்டையில் இடித்தால் மிஷின் நம் முகத்தை நோக்கி எகிறும்.

என் செயின் மண்ணில்தான் போயிற்று. நாலாம் நாள் மரம் அறுபடவில்லை, புகைந்தது. அரம் போடத் தெரியாது. புதுச் செயின் வாங்க டவுனுக்குப் போனேன். கடையில் கூட்டம் நெரிந்தது. கடைக்காரர் என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“எந்த சைஸ்ங்க?”

“இருபத்திரண்டு இன்ச்.”

“பிட்ச் த்ரீ பை எய்ட்தானே?”

பிட்ச் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பின்னால் என் ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் நிற்கிறார்கள். நானோ நாற்பது வருஷமாகத் தோப்பு வைத்திருப்பவன். “ஆமாமா, அதேதான்” என்று தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், இறுக்கும் திருகைத் திருப்பியதும் எப்படியோ பாரில் உட்கார்ந்துவிட்டது. அதுதான் வினை. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன். கடகடவென்று ஒரு சத்தம், நாலு சுற்று, செயின் பாரைவிட்டு எகிறித் தொங்கியது. எனக்கு அடிபடவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு அந்த மிஷினைப் பிடித்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

பக்கத்துத் தோப்பில் ஆலங்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். சத்தம் கேட்டு வந்தவன் செயினைக் கையில் எடுத்து ஒரு முறை விரலால் உருட்டிப் பார்த்தான். “இது உங்க மிஷின் செயின் இல்லீங்கய்யா” என்றான். பழைய செயினை எங்கே என்று கேட்டான். குப்பையிலிருந்து எடுத்து வந்தேன். ரெண்டையும் மரக்கட்டை மேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, என் பேரனின் பள்ளிக்கூட ஸ்கேலை வாங்கி வைத்தான்.

செயினில் வரிசையாக வரும் மூன்று ரிவெட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து, அதில் பாதி எடுத்தால் பிட்ச். என் பழைய செயினில் அந்த இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர், அதாவது 0.325 அங்குலப் பிட்ச். புதியதில் 19 மில்லிமீட்டர். அதுதான் கடைக்காரர் சொன்ன எட்டில் மூன்று. வித்தியாசம் ரெண்டரை மில்லிமீட்டர்தான். ஆனால் செயினை இழுக்கிற ஸ்பிராக்கெட்டின் பல்லும், பார் நுனியில் இருக்கிற குட்டிச் சக்கரத்தின் பல்லும் 0.325க்கு வெட்டியவை. முதல் பல் பொருந்தும், ரெண்டாவது ஏறி உட்காரும், மூன்றாவது தாண்டும்.

அடுத்தது கேஜ். பாரின் விளிம்பில் ஓடும் பள்ளத்துக்குள் இறங்குகிற கண்ணிக்கு டிரைவ் லிங்க் என்று பெயர். அதன் தடிமன்தான் கேஜ். என் பாருக்கு 0.058 அங்குலம். அதைவிட ஒல்லியானது போட்டால் செயின் பள்ளத்தில் ஆடும், அறுப்பு கோணிக்கொண்டு போகும். தடியானது போட்டால் இறங்கவே இறங்காது. கடைசியாக, அந்த டிரைவ் லிங்க்கை எண்ண வேண்டும். பையன் என்னையே எண்ணச் சொன்னான். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். எண்பத்தாறு. “இந்த மூணும் சொன்னாத்தான் செயினுங்கய்யா. இன்ச் சொன்னா அது வெறும் நீளம்” என்றான். பாரின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காட்டினான். மூன்று எண்ணும் அங்கேயே பொறித்திருந்தது. நாலு நாளாக அது என் கையில்தான் இருந்திருக்கிறது.

ஸ்பிராக்கெட்டின் பல் சிதைந்துவிட்டது. உதிரி பாகம் வர நாலு நாள். மாவட்டம் முழுக்க மிஷின்கள் ரிப்பேருக்குக் கிடந்த நேரம். செயினுக்குக் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு அழிந்தது. கடைக்காரரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அவர் கேட்டார், நான்தான் ஆமாம் என்றேன்.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இப்படி எத்தனை இடத்தில் தலையாட்டியிருக்கிறேன்? வங்கிக் கடன் தாளில் கையெழுத்துப் போடும்போது “படிச்சுட்டீங்களா” என்று கேட்டார்கள், ஆட்டினேன். டாக்டர் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னார், ஆட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் “சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?” என்று கேட்டேன். அவள் கூடவே வரவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? வயது ஏற ஏற, தெரியாது என்ற ஒரு வார்த்தை நமக்கு ஏனோ தொண்டையில் நின்றுவிடுகிறது.

பையனிடம் அரம் போடவும் கற்றுக்கொண்டேன். 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் தலையில் 30 டிகிரிக் கோடு இருக்கும், அதன்படி உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது தொடக்கூடாது. இந்தப் பக்கப் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் அந்தப் பக்கமும் மூன்றுதான். ஒரு பக்கம் கூடினால் அறுப்பு வளையும். தென்னை வெளிவட்டம் வைரம் பாய்ந்தது, உள்ளே சோறு. அந்த வெளிநார் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். கூராக இருந்தால் சீவல் சீவலாக வந்து விழும். மாவாகக் கொட்டினால் உடனே நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும், மிஷினை அமுக்கக் கூடாது.

இந்தப் பல்லுக்கே ஒரு கதை உண்டு, மகன் சொன்னான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946இல் ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு இடமும் வலமுமாக மரத்தைக் கடித்துக்கொண்டு போவதை உட்கார்ந்து பார்த்தாராம். அதன் தாடை வளைவைப் பார்த்துத்தான் செயின் பல்லை வடிவமைத்தார், 1947இல் விற்கவும் தொடங்கினார். நாங்கள் எருக்குழியில் புழுவைக் கண்டால் கோழிக்குப் போடுவோம்.

இப்போது தோப்பில் புதுக் கன்றுகள் காய்க்க ஆரம்பித்துவிட்டன. மிஷினும் இருக்கிறது. நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுகிறேன், ரெண்டு செயின் தேய்ந்தால் ஸ்பிராக்கெட்டையும் மாற்றிவிடுகிறேன். மோட்டார் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: 0.325, 0.058, 86. மழையில் அழிந்தால் பேரன் மறுபடி எழுதுவான்.

உங்கள் வீட்டிலும் மிஷின் இருந்தால், தேய்ந்த செயினைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மஞ்சள் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் என்ன கேட்டாலும் சரி, முதலில் அதை எடுத்து மேஜை மேல் வையுங்கள்.