முகமனும் அதன் ஒலியும்

முகமன் கூறுதல் மாந்தரின் முதற் பண்பு. நமக்குக் கூறப்படும் முகமனுக்கு அதனினும் அழகியதையோ அதற்கு ஒப்பானதையோ மறுமொழியாக்குமாறு திருமறை (4:86) பணிக்கின்றது. எனவே, பிற மொழியாரின் முகமனைப் பிழையறக் கேட்டுப் பிழையற மொழிவதும் நற்பண்பின் பாற்பட்டதே என்று நாம் கருதுகின்றோம்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் நம் முன்னோர் கடல் வாணிகம் நடத்திப் பல மொழியாரோடும் பழகினர். இன்று அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில், மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் கூட்டாக அமைத்த தொழிற்பூங்கா இருக்கின்றது. இத்தகைய இடங்களுக்குப் பணி நாடிச் செல்லும் நம் பிள்ளைகள் ஜப்பானிய முகமன்களைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ள முற்பட்டால் இடர் தோன்றும்.

பகல் முகமனைக் 'கொன்னிச்சிவா' என்றெழுதினால் சகரம் இரட்டித்துவிடும். ஒற்றை நீக்கினாலோ 'ஸி' என்றாகிவிடும். ஜப்பானியர் கூறுவது இரட்டிக்காத வல்லொலிச் சகரம். நன்றி கூறும் 'அரிகத்தோ'விலும் தகரம் இரட்டிப்பதில்லை. காலை முகமனாகிய 'ஒஹயோ கொஸாய்மஸு'வில் வரும் 'ஸா', 'ஸகாத்' என்பதன் முதலெழுத்தின் ஒலியுடையது. தமிழெழுத்தில் அடங்காத இவ்வொலி அரபுத்தமிழில் எளிதில் அடங்கும். அதன் இறுதி உகரமோ, நம் குற்றியலுகரத்தினும் குறுகி, 'மஸ்' என்றே செவியில் விழும்.

'கொன்னிச்சிவா'வின் ஈற்றெழுத்தை ஜப்பானியர் 'ஹ' என எழுதி 'வ' என ஒலிக்கின்றனர். 'இன்றைய நாளோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் எச்சமே இம்முகமன். 1946இல் ஒலிப்படி எழுதும் முறையை அவர்கள் வகுத்தபோதும், இவ்விடைச்சொல்லுக்குப் பழைய எழுத்தையே நிறுத்திக்கொண்டனர். அவர்தம் மக்களே இதைப் பிழைபட எழுதுவதுண்டு.

மக்தபில் ஓதிய பிள்ளைக்கு இது வியப்பன்று. 'அஸ்ஸலாமு' என்பதில் முதல் லாம் எழுதப்படுகின்றது, ஓதப்படுவதில்லை. மாலை முகமனில் பகரத்தின் முன் நிற்கும் னகரம் மகரமாகிக் 'கொம்பன்வா' என ஒலிக்கின்றது. தஜ்வீதில் 'இக்லாப்' என்று நாம் ஓதிக்கொடுப்பதும் இதையன்றோ! ஆகவே, ஏட்டை மட்டும் நம்பாது, ஓதலைப் போன்றே ஆசிரியர் வாய்கேட்டுப் பயில்வதே சிறந்த வழி.

இவ்வளவு கவனத்தை அயலார் முகமனுக்கு அளிக்கும் நாம், நம் ஸலாமுக்கு அளிக்கின்றோமா? இரண்டாம் லாமை விழுங்கி 'ஸாமலைக்கும்' என்று விரைந்து செல்வோரைத் தெருவில் காண்கின்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பகைவர் சிலர் வேண்டுமென்றே 'அஸ்ஸாமு அலைக்கும்' என்றனர். 'ஸாம்' என்பது மரணம். 'வ அலைக்கும்' என்று மட்டுமே பெருமானார் விடையிறுத்தார்கள். ஓர் எழுத்துக் குறைந்தால் சாந்தி சாவாகிவிடும்.

மேலாளருக்காக 'கொன்னிச்சிவா'வைப் பழகும் நாவு, பெற்ற தாய்க்கு முழு ஸலாம் உரைக்கவும் பழகட்டும். வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.