இரண்டு குப்பிகள்

முகவரியில் காட்டாங்குளத்தூர் என்றிருக்கும். ரயிலில் இறங்க வேண்டியது பொத்தேரியில். தெரியாதவர்கள் அடுத்த ஸ்டேஷன் வரை போய்த் திரும்புவார்கள். அங்கிருக்கும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பாவை அழைத்துப்போனபோது வண்டலூர் வரை அவர் வாயே திறக்கவில்லை. பிறகு, "பயாப்ஸின்னு எழுதிட்டா அப்புறம் என்னடா இருக்கு?" என்றார்.

பயாப்ஸி என்றால் புற்றுநோய்தான் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியம்மா வேறு. சித்தப்பாவுக்கோ மாதக்கணக்கில் அடிவயிற்றின் வலப்பக்கம் வலி, பேதி, சாயங்காலக் காய்ச்சல். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஸ்கேனில் குடல்சுவர் தடித்திருந்தது.

முந்தின இரவு பேதி மருந்துப் பொடியைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடித்ததுதான் அவருக்குப் பெரிய வதை. கொலனோஸ்கோப்பி முடிந்து, "எப்போ சதை எடுத்தாங்க?" என்று கேட்டார். குடலின் உள்தோலுக்கு வெட்டும் வலி உறைக்காது. எடுப்பதும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்.

டாக்டர் திரையில் புண்களைக் காட்டினார். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம். "என்ன சார் இது?" என்றேன். "பார்வைக்கு மூணு நாலு வியாதி ஒரே மாதிரி இருக்கும். அதுக்குத்தான் பயாப்ஸி" என்றார். கேமராவுக்குப் பளிச்சென்று தெரியும் குடலில்கூட நுண்ணோக்கியில் அழற்சி தென்படுவது உண்டாம்.

துணுக்குகளை இரண்டு குப்பிகளில் போட்டார்கள். ஒன்றில் ஃபார்மலின், மற்றதில் உப்புக்கரைசல். ஃபார்மலின் சதையைக் கெடாமல் காக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும். வளர்த்துப் பார்க்கக் கிருமி உயிரோடு வேண்டும். எந்தக் கிருமி என்று கேட்டபோது டிபி என்றார்கள்.

திரும்பும் ரயில் தாம்பரம் சானடோரியத்தில் நின்றபோது அதையே யோசித்தேன். டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்த ஸ்டேஷனைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு டிபி என்றால் இருமல், நெஞ்சு, சளி. குடலுக்கும் வரும் என்று யாரும் சொன்னதில்லை. 1932இல் நியூயார்க்கில் பர்ரில் க்ரோன் என்பவரும் இரு சகாக்களும் விவரித்த க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயும் பெரும்பாலும் இதே மூலையில்தான் உட்காரும். அதுவென்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருப்பது டிபியாகிவிட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். நம் ஊரில் குடல் டாக்டர்களைத் தூங்கவிடாத கேள்வி இது.

குழப்பம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்தது சீதபேதி என்றே முதலில் வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மலக்குடல் புற்றுநோய். இளவயதிலேயே போய்விட்டார். அந்தத் துக்கம்தான் 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. எங்கள் பெரியம்மா அஞ்சிய அந்தத் துணுக்கு காலத்தில் எடுக்கப்பட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ரிப்போர்ட்டுக்கான காத்திருப்பு கொடியது. சதையை மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் சீவி, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயமேற்றி ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை அவசரப்படுத்த யாரும் இல்லை. கடைசியில் வந்தது: செல்கள் திரண்ட முடிச்சுகள், அவற்றின் நடுவே பாலாடைக்கட்டி போல உதிரும் சிதைவு. க்ரோன்ஸில் அந்தச் சிதைவு இருக்காது. புற்றுசெல் எதுவும் இல்லை.

"டிபிதானா?" என்று சித்தப்பா சிரித்ததைப் பார்த்து டாக்டர் திகைத்தார். ஆறு மாத மாத்திரை. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதற்கு ஒரு ரகளை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து இரண்டாவது குப்பியிலும் கிருமி வளர்ந்ததாகச் சொன்னார்கள். அதற்குள் காய்ச்சல் நின்று, பசி திரும்பியிருந்தது.

புண் ஆறியதா என்று மறுபடி கொலனோஸ்கோப்பி பார்க்கலாம், தேவைப்பட்டால் சதையும் எடுக்கலாம் என்றார் டாக்டர்.

"சதை எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க சார்" என்றார் சித்தப்பா. "அந்தப் பொடித் தண்ணியை மட்டும் குறைச்சுக் குடுக்க முடியுமா?"