செருப்பா, சாண்டலா?



வேலப்பன்சாவடி வந்தவர்களுக்குத் தெரியும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் சரக்கும் இந்தத் தடத்தில்தான் துறைமுகம் போகிறது.

தோல் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் என் பழைய மாணவி சென்ற வாரம் போனில் கேட்டாள்: “ஐயா, செருப்புக்கும் சாண்டலுக்கும் என்ன வித்தியாசம்?” தமிழில் எல்லாமே செருப்புதானே என்றேன். “அப்படிச் சொன்னா எங்களுக்குப் பாதிப் பணம் போயிடும் ஐயா” என்றாள்.

விவரம் இதுதான். ஏற்றுமதி செய்தால், அந்தப் பொருளுக்கான மூலப்பொருள்மீது கட்டிய வரியில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். இதை ‘டியூட்டி டிராபேக்’ என்பார்கள். பெண்களுக்கான தோல் காலணியில் குதிகாலைப் பிடிக்கும் பின்வார் இல்லையென்றால் அது சாண்டல் இல்லை, சப்பல்தான் என்று சுங்க அதிகாரிகள் சொன்னார்கள். அப்போது சாண்டலுக்கு 10 சதவீதம், சப்பலுக்கு 5 சதவீதம் என்று இருந்தது. 50 லட்ச ரூபாய் சரக்கு என்று வைத்துக்கொண்டு, உச்சவரம்பை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு சொல்லால் இரண்டரை லட்சம் போகிறது. அதில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் எத்தனை பெண்களின் கூலி அடங்கும்!

இந்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பின்வார் இல்லாவிட்டாலும் பெண்கள் சாண்டல், சாண்டல்தான் என்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றமும் முன்பே இதே போன்ற வழக்கில் ஏற்றுமதியாளர் பக்கம் நின்றிருந்தது. தோல் ஏற்றுமதிக் கழகம் போன்ற துறை வல்லுநர்களின் கருத்துக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. அதாவது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு பொருளை எப்படி அழைக்கிறார்களோ அதற்குத்தான் எடை. இலக்கணத்திலும் நாம் இதைத்தானே படித்தோம்? சொல்லுக்குப் பொருள் தருவது வழக்கு.

இறக்குமதிக்கு அளவுகோல் வேறு. காலணிக்கு உலகம் முழுக்கச் சுங்கப் பட்டியலில் 64ஆம் அத்தியாயம். மேற்பாகம் தோலா, துணியா, ரப்பர் பிளாஸ்டிக்கா என்று பார்ப்பார்கள். எது அதிகப் பரப்பை மூடுகிறதோ அதுவே கணக்கு; பக்கிள், அலங்காரம் சேராது. அடிப்பாகத்தில் தரையைத் தொடும் பரப்பில் எது அதிகமோ அது கணக்கு. ரப்பர் அட்டையில் குமிழ் வைத்து வார் மாட்டிய நம் ஹவாய் செருப்புக்கே தனி எண் உண்டு: 6402 20. தோல் அடியோடு, பாதத்தின் குறுக்கேயும் கட்டைவிரலைச் சுற்றியும் தோல் வார் உள்ளது 6403 20. கோலாப்பூர் செருப்பு கண்ணுக்குள் வருகிறதா?

2020 பட்ஜெட்டில் காலணிக்கு இறக்குமதி வரி 25இலிருந்து 35 சதவீதம் ஆனது. காலணி உதிரி பாகங்களுக்கு 15இலிருந்து 20. முழுச் செருப்பா, பாகமா என்பதிலேயே அப்போது இவ்வளவு வித்தியாசம்.

ஆன்லைனில் வெளிநாட்டுச் செருப்பு வரவழைத்து விற்கும் பிள்ளைகள் நம்மில் இருக்கிறீர்கள். பில்லில் ‘லேடீஸ் ஃபுட்வேர்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். மேற்பாகம் எது, அடி எது, வார் எப்படி என்று எழுதுங்கள். புகைப்படமும் ஒரு ஜோடி மாதிரியும் கையில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் சரக்கு வருமுன்பே சுங்கத்தின் முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்கலாம். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பயந்து உடனே கட்டிவிடவும் வேண்டாம், மேலே போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். தெரிந்தவரிடம் காட்டி, கெடு முடியுமுன் பதில் எழுதுங்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு உதவும்.