உறைந்து நின்ற அருவி

மார்கழிப் பனியில் வளவனூர் ஏரிக்கரையோரம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடப்பதையே குளிரின் உச்சமென்று இத்தனை வருஷமும் நம்பியிருந்த நான், இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் லிங்டி அருவி விழுந்த கோலத்திலேயே உறைந்து ஸ்படிகத் தூண்களாய் நிற்பதையும், இரு கைகளிலும் பனிக்கோடரியும் பாதணிகளில் இரும்பு முட்களுமாக இளைஞர்கள் அதன்மேல் அங்குலம் அங்குலமாக ஏறுவதையும் கண்டு வாயடைத்துப் போனேன்.

அந்தப் பனிக்கட்டியின் சுபாவம் ஒருபோல் இருப்பதன்று. கடுங்குளிரில் கண்ணாடியாய் விறைத்துக் கோடரி பட்டதும் சில்லுசில்லாகத் தெறிக்கும், குளிர் சற்றே தணிந்தால் இளகிக் கூர்முனைக்கு இடங்கொடுக்கும், வெயில் ஏறினாலோ உள்ளே நீரோடிப் பாறையோடு கொண்ட பந்தத்தையே விட்டுவிடும். ஆகையால் நேற்று ஏறிய மார்க்கத்தையும் இன்று பரீட்சித்த பிறகே ஏறுகிறார்கள்.

நான் ஏறவில்லை; துண்டை இறுக்கிக்கொண்டு அடிவாரத்திலேயே நின்றேன்.