ஜன்னலுக்கு இருபது வெள்ளி

ஓர் அறைக்குள் நுழைந்த அரை நிமிடத்தில் அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவதில் என் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் 31 வருடம் வரவேற்பு மேசையில் இருந்தவர். தைப்பூசத்துக்குப் பழநி நோக்கி நடப்பவர்கள், பூட்டு வாங்க வந்த மொத்த வியாபாரிகள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டார் என்று எல்லோருக்கும் சாவி எடுத்துக் கொடுத்தவர். அவரிடம் சில விதிகள் உண்டு. "மொதல்ல கொழாயத் திறந்து தண்ணி என்ன நெறத்துல வருதுன்னு பாரு. தலகாணிய மோந்து பாரு. தாப்பா உள்ளருந்து சரியா விழுதான்னு பாரு. கட்டிலுக்கு அடியில மட்டும் குனிஞ்சு பாக்காத. பாத்தா எந்த ஊர்லயும் தங்க முடியாது."

இவ்வளவு தெரிந்தவர், வாழ்நாளில் ஒரு இரவுகூடக் காசு கொடுத்து எந்த விடுதியிலும் தங்கியதில்லை. வெளியூர் போனால் சொந்தக்காரர் வீடு. பழநிக்குப் போனால் சமுதாயச் சத்திரம். போன வருடம் அவரையும் அம்மாவையும் மூன்று இரவுகள் சிங்கப்பூர் கூட்டிப்போவதாக முடிவானபோது, விமானச் சீட்டும் விசாவும் எளிதாக முடிந்தன. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, விசாவுக்கு முகவர் இருக்கிறார். அறை தேடுவதுதான் இரண்டு வாரம் இழுத்தது.

சிங்கப்பூரில் விடுதி தேடுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது விலைக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கூட்டல் குறிகளை. ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். இன்னொன்று பொருள் சேவை வரி, 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி போடுவார்கள். ஆகவே 100 வெள்ளி என்று கண்ணுக்குத் தெரிவது கையை விட்டுப் போகும்போது 119 வெள்ளி 90 காசு. அடுத்தது, வீடுகளில் அறை எடுத்துத் தங்கும் வழி அங்கே கிடையாது. தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். வேறு ஊர்களில் கைகொடுக்கும் அந்த உபாயம் இங்கே செல்லாது. ஒரு வெள்ளிக்கு அறுபது ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நமக்கு மிஞ்சுவது சிறிய விடுதிகள்தான். அவை பெரும்பாலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் பகுதிகளில் இருக்கின்றன. கேலாங்கில் சாப்பாடு பிரமாதம், வாடகை குறைவு. ஆனால் அனுமதி பெற்ற சிவப்பு விளக்குப் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அம்மாவோடு அந்தச் சந்துகளில் நடப்பதை யோசித்து அதை விட்டுவிட்டேன்.

மதிப்பெண்களை நான் நம்புவதில்லை. என் தொழில் கற்றுக்கொடுத்தது அது. 8.1 என்பது ஒரு சராசரி. முதுகுப்பையோடு வரும் இருபது வயதுப் பையன்கள் கொடுத்த பத்துகளும், முட்டிவலிக்காரர்கள் கொடுத்த நான்குகளும் அதற்குள் ஒன்றாகக் கரைந்து கிடக்கும். எனவே குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும் வரிசைப்படுத்தி, அதிலும் பெற்றோரோடு போனவர்கள் எழுதியதை மட்டும் படித்தேன். ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை. ஒருமுறை மட்டும் வந்தால் அது அன்றைய கோபம். இப்படி வடிகட்டியதில் லிப்ட் இல்லாதவை போயின. குளியலறையில் ஈரம் காயாதவை போயின. கடைசியில் ஐந்து மிஞ்சின.

படங்களை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டாவது படத்திலேயே நிறுத்தினார்.

"இந்தத் திரைச்சீலைக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல தம்பி. செவுருதான்."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"வெளிச்சம் அந்தப் பக்கத்துலருந்து வரலையே. நெழல் கட்டிலுக்கு அந்தாண்ட விழுது பாரு."

விவரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: ஜன்னல் இல்லை.

அந்த ஊரின் மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னல் இல்லாததற்குக் காரணம் உண்டு. லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் வரிசையாக நிற்பவை பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு. முகப்பு குறுகல், உள்ளே நீளம். இரு பக்கமும் அடுத்த கட்டடத்தோடு ஒட்டிய பொதுச்சுவர். முன்னால் மழைக்கு ஒதுங்க ஐந்தடிப் பாதை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் தொடங்கிய வழக்கம் அது. நம்மூர்த் திண்ணைகளை வரிசையாக இணைத்து யாரும் நடந்துபோகலாம் என்று விட்டதுபோல இருக்கும். நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு திறந்த முற்றம். 1989இல் அரசு இந்தப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. அதன்பின் இடித்துக் கட்ட முடியாது. நீளமான ஒரு வீட்டை எட்டு, பத்து அறைகளாகத் தடுக்கும்போது, தெருவைப் பார்த்தவையும் கொல்லையைப் பார்த்தவையும் மட்டுமே ஜன்னல் பெறும். நடுவில் இருப்பவைதான் நமக்கு மலிவாக வருகின்றன.

நாங்கள் எடுக்க நினைத்த விடுதி ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகில். மூன்று பேர் படுக்கும் அறை, ஜன்னல் இல்லாமல் 108 வெள்ளி. ஜன்னலோடு 128. அப்பா மனக்கணக்குப் போட்டார். "ஜன்னலுக்கு மட்டும் இருபது வெள்ளியா? ஆயிரத்து எரநூறு ரூவாக்கு மேல வருதேடா. நான் வேலைய விட்டப்ப எங்க லாட்ஜுல டபுள் ரூமே அறுநூறு. தூங்கத்தானே போறோம். வேணாம்."

அவர் எழுந்து போனபின் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "உங்கப்பா முப்பத்தோரு வருசம் மாடிப்படிக்கு அடியில கட்டிலப் போட்டுப் படுத்தவருடா. அங்க ஏது ஜன்னலு? நீ அந்த இருபதுதையே போடு."

படிக்கட்டின் அடியில் இருந்த அந்தக் கட்டில் எனக்கும் தெரியும். பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுக் கேரியரோடு போனால் அதில்தான் உட்காருவேன். தலைக்கு மேல் யாரோ ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அது ஒரு படுக்கையிடம் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. 'மலிவு ஆனால் நல்ல அறை' என்று நாம் தேடுகிறோமே, அதில் 'நல்ல' என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. தங்கப்போகிறவர் இதுவரை எங்கே படுத்தார் என்பதைக் கேட்டால்தான் அது தெரியும்.

காசில்லாத தமிழனுக்குச் சிங்கப்பூரில் படுக்க இடம் எப்போதுமே சிக்கல்தான். காசுள்ளவர்களும் அங்கே விசாலமாகப் படுத்துவிடவில்லை. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் மரப்பெட்டியும் குட்டை மேசையும் வைத்து வட்டித்தொழில் நடந்த அதே தரையில் இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். டேங்க் சாலையில் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள் அவர்கள். பழநியாண்டவரைக் கடல் கடந்து கொண்டுபோனவர்கள், தங்களுக்கென்று கேட்டுக்கொண்டது ஒரு பாயின் அகலம். ஜப்பானில் 1979இல் குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் ஒசாகாவில் முதல் கேப்சூல் விடுதியை வடிவமைத்ததைப் புதுமை என்கிறார்கள். கிட்டங்கிக்காரர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கூடும் நம் ஊர்ப் பையன்கள், இரவானால் அடுக்குக் கட்டில் போட்ட தங்குமிடங்களுக்குத்தான் திரும்புகிறார்கள்.

128 வெள்ளி, கூட்டல் குறிகளோடு 153 ஆனது. மூன்று இரவுக்கு 460. விடுதியில் பாஸ்போர்ட்டை நகலெடுத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வந்த நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குமே, அது இல்லையா?"

இல்லை. கையெழுத்து மட்டும் போதும். ஆயிரக்கணக்கான பேரிடம் கையெழுத்து வாங்கியவர், பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அறையில் குழாயைத் திறந்தார். தலையணையை மோந்தார். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தார். கட்டிலுக்கு அடியில் குனியவில்லை. பிறகு ஜன்னலின் திரையை விலக்கினார். காட்சி என்று சொல்ல ஏதுமில்லை. கடைவீடுகளின் பின்சந்து, ஏசி இயந்திரங்கள், குப்பைத் தொட்டிகள், ஒரு உணவகத்தின் பின்வாசலில் பாத்திரம் கழுவும் ஆள். இரவு ஒரு மணிக்கு நான் விழித்தபோதும் நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"தூக்கம் வரலையாப்பா?"

"வருது. பாத்திரம் வெளக்குறவன் இப்பத்தான் வேலைய முடிச்சான். அவன் எங்க போய்ப் படுப்பான்னு பாத்துட்டிருக்கேன்."

அந்த மூன்று நாளில் மெரினா பேயும் பார்த்தோம், பறவைப் பூங்காவும் பார்த்தோம். ஒவ்வொரு காலையும் வெளியே கிளம்புமுன் அப்பா விரிப்பை நான்கு மூலையும் மடித்துச் சீராக்கி, ஈரத்துண்டுகளை ஒரே இடத்தில் குவித்துவிட்டுத்தான் வருவார். "அதுக்கு ஆள் இருக்காங்கப்பா" என்றேன். "இருக்காங்கடா. அதான்" என்றார்.

இதே பணத்துக்குக் கோலாலம்பூரில் பெரிய அறை, சில இடங்களில் நீச்சல் குளம்கூடக் கிடைக்கும். வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அவ்வளவுதான். மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் நேரம் இன்னும் குறைவு. அடுத்து எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் கைபேசியில் விடுதி தேடும் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஊரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.