கூச்சம் கொடுத்த விலை



கடந்த பள்ளி விடுமுறையில் அண்ணன் மகன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். 19 வயது, கல்லூரி விடுதியில் தங்கிப் பயில்பவன். நடையில் தயக்கம், அமர்கையில் முகச்சுளிப்பு. தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவன், "மூணு மாசமா தொடை இடுக்குல அரிக்குது சித்தப்பா" என்றான். நண்பன் கொடுத்த களிம்பைத் தடவி வந்திருக்கிறான்.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றாம். களிம்பில் இருந்த ஸ்டீராய்டு அரிப்பை அடக்கியது, பூஞ்சையையோ பரவவிட்டது.

வியர்வை ஊறும் நம் நாட்டில் இது இயல்பான நோய். குளித்தபின் ஈரம் போகத் துடைத்தல், உள்ளாடையை நாள்தோறும் மாற்றுதல், துவாலையைப் பிறரோடு பகிராமை ஆகியவை காப்பு. வளர்ந்த பிள்ளைகள் முன்தோலை மெல்லப் பின்தள்ளி நீரால் கழுவ வேண்டும். சிறுநீர் எரிச்சல், சீழ், புண் தென்பட்டால் மருத்துவரை நாட வேண்டும். பாலுறவால் பரவும் கிளமிடியா போன்ற தொற்றுகள் அறிகுறியின்றியும் இருக்கும். ஆணுறை அவ்வாபத்தைக் குறைக்கும். விதைப்பையில் திடீர்க் கடும்வலி எழுந்தால், அது விதை முறுக்கமாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சில மணி நேரத் தாமதமே விதையைப் பறித்துவிடும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறாம் ஆண்டு நலக்கல்வியில் பருவமாற்றப் பாடத்தை, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கடந்தவன் நான். அவ்வகுப்பில் அவனும் அமர்ந்திருந்தான்.

நான்கு வாரங்களில் அவன் தொற்று நீங்கியது. இனி அப்பாடத்தை நான் தாண்டிச் செல்ல மாட்டேன். தந்தையரே, நீங்களும் வீட்டில் பேசுங்கள்.